பெட்டி கனமாகத்தான் இருந்தது

என் கையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு வந்த கோபத்தின் நியாயம் யாருக்கும் புரியாது.

கூரியர் ஆபீஸில் பார்சல் வாங்கும் கவுண்டரில் இருக்கிறேன். பெட்டிகளை வாங்கி எடை மெஷினில் வைத்துச் சீட்டு எழுதுவது வேலை. வருஷக்கணக்காகத் தூக்கித் தூக்கி, மெஷின் சொல்வதற்கு முன்பே என் கை எடையைச் சொல்லிவிடும். ஒருமுறை மெஷினே தப்பாகக் காட்டியபோது அதைக் கண்டுபிடித்தது என் கைதான். பக்கத்துக் கவுண்டர்க்காரரை நாங்கள் ஸ்டாம்ப் என்று கூப்பிடுவோம், அவர் சீல் குத்துகிற குத்துக்கு. கரண்டு போனால் அவர், "அக்கா கை இருக்கும்போது மெஷின் எதுக்கு? லைன்ல வாங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சத்தம் போடுவார். எனக்கு அழகு, படிப்பு, பாட்டு என்று பெருமைப்பட வேறொன்றும் கிடையாது. இந்தக் கை ஒன்றுதான். அந்தக் கையைத்தான் என் வீட்டுக்காரர் ஏமாற்றினார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி என் தேனீப் பெட்டி இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அறை. கீழ்ப்பெட்டியில் ராணியும் குஞ்சுகளும். மேல்பெட்டியில் வரிசையாக மரச்சட்டங்கள், ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு தேனடை. மழைக்காலத்தில் பூ இருக்காது. இருந்தாலும் நனைந்துகொண்டு தேனீ பறக்காது. மேல்பெட்டியில் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் மழை முடியும்வரை பிழைத்துக் கிடக்கவேண்டும். அந்த நாட்களில் பெட்டியைத் திறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் சூடு போய்விட்டால் குஞ்சுகள் விறைத்துவிடும். ஆகவே சாப்பாடு போதுமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். பெட்டியைப் பின்பக்கம் பிடித்து ஒரு விரற்கடை தூக்கிப் பார்ப்பது. கனமாக இருந்தால் கவலை இல்லை. லேசாக எழும்பினால் ஆபத்து. பெட்டியை எனக்கு விற்ற பெட்டிக்காரம்மா இதைச் சொன்னபோது, எனக்கென்றே யாரோ யோசித்து வைத்த வேலை என்று சந்தோஷப்பட்டேன்.

இந்த வருஷம் கூட்டம் புதிது. பழையது பறந்துபோய், பெட்டிக்காரம்மா கொடுத்த சின்னக் கூட்டத்தைக் கோடை முழுக்கக் கண்ணுக்குள் வைத்து வளர்த்திருந்தேன். மழைக்கு முன்னால் மேல்பெட்டி நிறைந்துவிட்டது. இந்தத் தடவை ஒரு சொட்டுகூட எடுப்பதில்லை என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஷோரூமில் சூப்பர்வைசர். மேனேஜர் என்றால் அவருக்கு உயிர். மேனேஜர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். ஷோரூமுக்குப் புதிதாக ஒரு கிளை திறக்கப் போகிறார்கள், அதற்கு யாரைப் பொறுப்பாகப் போடுவது என்று மேனேஜர்தான் முடிவு செய்வார். அந்த மனுஷர் ஒருநாள், "உங்க வீட்ல தேன் கிடைக்குமாமே" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார்.

"ஒரே ஒரு பெரிய டப்பா. அவரே வாய்விட்டுக் கேட்டுட்டார்" என்றார் இவர்.

"கடையில வாங்கிக் குடுங்க."

"கடைத் தேனைக் குடுத்தா கண்டுபிடிச்சுடுவார்."

"அப்ப இல்லைன்னு சொல்லுங்க. அதுங்க சாப்பாட்டை எடுத்து நீங்க பதவி வாங்க வேண்டாம்."

"சரி, விடு" என்றார்.

இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அவர் ஒரு விஷயத்தைச் சண்டை போடாமல் விட்டால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அன்றைக்கு என் தங்கைக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். பிள்ளை பிறந்து, தங்கை எழுந்து நடமாடும்வரை இருந்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்திருந்தது. வீட்டுக்குள் பையை வைத்ததும் குடையை விரித்துக்கொண்டு மாடிக்குத்தான் போனேன். பெட்டியைப் பிடித்துத் தூக்கினேன். கனம். விட்டுப்போன அதே கனம். கீழே வந்து, "நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கும், நல்லா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

மழை விடவில்லை. துணி காயவில்லை, சுவர் வேர்த்தது, பஸ்ஸில் எல்லாரும் எல்லார்மேலும் ஈரக்குடையை ஒழுகவிட்டார்கள். நான் அவ்வப்போது மாடிக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கனம் குறையவே இல்லை. எவ்வளவு சிக்கனமாகத் தின்கின்றன, நம் வீட்டிலும் இப்படிக் குடித்தனம் நடத்தத் தெரிந்தால் தேவலை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் காலை மழை கொஞ்சம் ஓய்ந்தது. போய்ப் பார்த்தால், பெட்டி வாசலில் இருக்கும் சின்னப் பலகையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தேன். குஞ்சுகள். கண்கூட விரியாத, கால் முளைத்தும் முளைக்காத குஞ்சுகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தேனீ உள்ளேயிருந்து இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்து பலகையின் ஓரத்தில் தள்ளிவிட்டு, அங்கேயே களைத்துப்போய் உட்கார்ந்துகொண்டது.

பெட்டிக்காரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பசி" என்றார் அவர். "வளர்க்கச் சாப்பாடு இல்லைன்னா குஞ்சைத் தூக்கி வெளியில போட்டுடும். இருக்கறதுங்க பிழைக்கணும்ல."

"பெட்டி கனமா இருக்கேம்மா. இப்பகூடத் தூக்கிப் பார்த்தேன்."

"கனமா இருந்தா எதுக்கு வெளியில போடுது? நீ ஒண்ணு சொல்றே, அது ஒண்ணு சொல்லுது. திறந்து பாரு."

கீழே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். விரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு போட்டார்.

"மழையில திறக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

"சொன்னேன். ஆனா குஞ்சு வெளியில கிடக்குதே."

"கனமா இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? ஊருக்கெல்லாம் எடை சொல்ற கை. உன் கையை நீயே நம்பலைன்னா எப்படி?"

அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார், இவருடைய அக்கா, அந்த நேரம் பார்த்துக் காபிக்கு வந்திருந்தார். "திறந்தா குளிர்ல எல்லாம் போயிடும்மா. கனமாத்தானே இருக்கு, பேசாம விடு" என்று அவரும் ஒத்து ஊதினார். தேனீ என்றாலே நாலு வீடு தள்ளி நிற்கும் மனுஷிக்கு அன்றைக்கு என்ன அக்கறை என்று எனக்கு உறைக்கவில்லை. என் கையைச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார்கள். ஆபீஸுக்குக் கிளம்பினேன்.

அன்றைக்குக் கவுண்டரில் ஒரு ஆள் வந்து நின்றார். பிரித்த பார்சல் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அவருடைய அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கினாராம். உள்ளே துணி துவைக்கும் சோப்பு இரண்டு கட்டி இருந்தது. ஸ்டாம்ப் ரசீதைப் பார்த்தார், பெட்டியை மெஷினில் வைத்துப் பார்த்தார்.

"எடை சரியா இருக்கு சார். அனுப்பினவங்க குடுத்த எடை, உங்களுக்கு வந்த எடை, ரெண்டும் ஒண்ணுதான். எங்க பொறுப்பு அதோட முடிஞ்சுது."

அந்த ஆள் கத்தவில்லை. சோப்புக் கட்டியை எடுத்துக் காதில் வைத்துக் காட்டினார். "எடையை வச்சு எங்கம்மா எங்கிட்டப் பேச முடியுமா?" என்று கேட்டார்.

என் பெட்டியும் கனமாகத்தான் இருந்தது. ஸ்டாம்பிடம் என் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. துணி காயப்போடும் கம்பியில் பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிப் பந்தல் மாதிரி ஆக்கிவிட்டு மூடியைத் திறந்தேன். பெட்டிக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும், தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி. அது இல்லை. சட்டங்களின் மேல்கட்டை மட்டும் வரிசையாகத் தெரிந்தது, நான் அடுக்கி வைத்தபடியே. ஓரத்துச் சட்டத்தை மெதுவாக உருவினேன்.

டைல்ஸ்.

பளபளவென்று, பூப்போட்ட டைல்ஸ். தேனடையைச் சுத்தமாக அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அளவெடுத்து வெட்டிய டைல்ஸைப் பொருத்தி, சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஆடிச் சத்தம் வரக்கூடாது என்று நாலு மூலையிலும் துணி சொருகியிருந்தது. அடுத்த சட்டம், அதுவும் டைல்ஸ். அதற்கடுத்ததும். மேல்பெட்டி முழுக்க டைல்ஸ். காதில் பூ சுற்றுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கூட்டுக்குள் பூ வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் படத்துப் பூவின்மேல் ஒரு தேனீ செத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஷோரூம் ஸ்டிக்கர். மாதிரி, விற்பனைக்கு அல்ல.

கீழ்ப்பெட்டியைப் பார்த்தேன். அடைகளில் பல அறைகளுக்குள் தேனீக்கள் தலையை விட்டபடி செத்துக் கிடந்தன. கடைசிச் சொட்டைத் தேடி உள்ளே போனவை, திரும்பி வரவில்லை. நடுவில் கைப்பிடி அளவு கூட்டம் ராணியைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நான் நின்றபோது என் கைக்கு அடியிலேயே இது நடந்திருக்கிறது. அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

அழுவதற்கு நேரமில்லை. அடுப்பங்கரைக்கு ஓடி, சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்து, வெதுவெதுப்பாக எடுத்துக்கொண்டு வந்தேன். காலி அறைகளில் கொஞ்சம் ஊற்றினேன். ஒரு குச்சியில் தொட்டு அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று நாக்கை நீட்டியது. பக்கத்தில் இருந்ததும் நீட்டியது. மிச்சத்தை, மூடியில் ஊசித் துளை போட்ட டப்பாவில் ஊற்றி அவற்றின் தலைக்குமேல் கவிழ்த்து வைத்துவிட்டு மூடினேன். டைல்ஸ் சட்டங்களைக் கீழே கொண்டுவந்து கூடத்தில், அவர் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் வரிசையாகச் சாத்தி வைத்தேன்.

அவர் வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"இதை எப்ப செஞ்சீங்க?"

"நீ ஊர்ல இல்லாதப்ப. தேனீ கொட்டாம இருக்க அக்கா புகை போட்டாங்க."

"டைல்ஸ் எதுக்கு?"

"நீ வந்து தூக்கிப் பார்ப்பே. லேசா இருந்தா கவலைப்படுவே. எதுக்கு உன்னைக் கவலைப்பட வைக்கணும்னு..." என்று இழுத்தார்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொய்யே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு அடையையும் எடை போட்டு, அதே எடைக்கு ஷோரூம் மெஷினில் டைல்ஸ் அறுத்தாராம். ஒரு டைல்ஸில் எடை போதாத இடத்தில் இரண்டைச் சேர்த்து ஒட்டினாராம். இவ்வளவு நுணுக்கமாக இந்த மனுஷர் இந்த வீட்டுக்கு ஒரு ஆணி அடித்தது கிடையாது. குழாய் ஒழுகுகிறது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"நான் கவலைப்படறதுதாங்க அதுங்களுக்குச் சாப்பாடு" என்றேன். "நான் கவலைப்பட்டிருந்தா அன்னைக்கே சர்க்கரை வச்சிருப்பேன். தேனை எடுத்தீங்க, சரி, திருட்டுன்னு விட்டுடலாம். எனக்குத் தெரியாமப் பண்ணினீங்களே, அதுலதான் அதுங்க செத்துப்போச்சு."

"கீழ்ப்பெட்டியில இருக்கும்னு நினைச்சேன்."

"இன்னைக்குக் காலையில குஞ்சு வெளியில கிடக்குதுன்னு சொன்னேனே. அப்பவும் நினைச்சீங்களா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அவருக்குப் பின்னாலேயே வந்து நின்ற நாத்தனார்தான் பேசினார். "பூச்சிக்காகப் புருஷனை இப்படி நிக்க வச்சுக் கேட்கலாமாம்மா? அவன் உத்தியோகத்துக்காகத்தானே செஞ்சான்."

"அண்ணி, உங்க வீட்டுச் சர்க்கரை டப்பாவுல மணலைக் கொட்டி வச்சுட்டு, டப்பா கனமாத்தானே இருக்குன்னு நான் சொன்னா காபியில போட்டுக் குடிப்பீங்களா?"

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "தேன் மேனேஜர் வீட்லதானே இருக்கு? போய் மிச்சத்தைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. சர்க்கரையில உயிர் தங்கும், தேறாது. அதுங்க தேன் அதுங்களுக்கு வேணும்."

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்கறதா? என் மானம் என்ன ஆகறது?"

"கேட்க மாட்டீங்களா?"

"மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மட்டும் அவருக்குத் தைரியம் இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல அவருடைய சாப்பாட்டு கேரியரைக் கட்டி வைத்தேன். அவர் வந்து தூக்கினார். கை கொஞ்சம் தாழ்ந்து எழும்பியது. முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னைக்கு நல்லா கனமா இருக்கே. கோபம் போயிடுச்சா?"

"பார்த்துப் போங்க, சிந்திடப் போகுது" என்றேன்.

ஷோரூமில் மேனேஜரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது இவருக்குப் பெரிய கௌரவம். அன்றைக்கு மதியம் போன் வந்தது. பின்னால் யார் யாரோ பேசுவது கேட்டது.

"என்ன வேலை செஞ்சு வச்சிருக்கே?" குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏங்க, கனமா இல்லையா?"

"எல்லார் முன்னாடியும் திறந்தேன். நாலு அடுக்கிலயும் டைல்ஸ் துண்டு. மேல்தட்டுல ஸ்டிக்கரோட."

"சத்தம் வரக்கூடாதுன்னு துணி சுத்தி வச்சிருந்தேனே, பார்த்தீங்களா? எடையும் நல்ல விருந்துச் சாப்பாட்டு எடைதான். என் கை சொல்லிச்சு. நீங்க கவலைப்படக் கூடாதுன்னுதான்."

கேரியரை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "மேனேஜர் என்ன இதுன்னு கேட்டார்" என்றார்.

"சொன்னீங்களா?"

"வேற என்ன சொல்றது? சொன்னேன்."

"பசிக்குதா?"

"பசிக்குது" என்றார்.

"அதுங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்று போனை வைத்துவிட்டேன். ஸ்டாம்ப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த பார்சலை வாங்கினேன்.

சாயங்காலம் அவர் ஒரு டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். மேனேஜர் கொடுத்துவிட்டாராம். ஒரு டப்பா தேனுக்கு இவ்வளவு ரகளையா என்று எல்லார் எதிரிலும் சிரித்தாராம். இருந்த தேனில் பாதியை மேனேஜர் வீட்டம்மா மாவோடு குழைத்து முகத்தில் பூசிக் கழுவிவிட்டாராம். கழுவிவிட்டார்களாம். ஒரு கோடை முழுக்கப் பூப்பூவாக ஏறி இறங்கிச் சேர்த்ததை, ஒரு வாளித் தண்ணீரில்.

"இந்தா" என்று டப்பாவை நீட்டினார். "அரை டப்பா இருக்கு. வேணும்னா தூக்கிப் பாரு."

நான் தூக்கிப் பார்க்கவில்லை. அவர் கண் முன்னாலேயே மூடியைத் திருகி, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். தேன்தான். என் பெட்டித் தேன்தான். நான் ருசி பார்த்து முடிக்கும்வரை அவர் நின்ற நிலை இருக்கிறதே, அதை அவர் மறக்கமாட்டார். மறக்கவும் வேண்டாம். அவருக்கு எடுத்து வைத்திருந்த சாப்பாட்டை மேஜையில் காட்டிவிட்டு நான் மாடிக்குப் போனேன்.

மழை முடிந்தபோது கூட்டத்தில் கால்வாசிதான் மிஞ்சியிருந்தது. ராணி பிழைத்துவிட்டது. முதல் வெயிலில் நாலைந்து தேனீக்கள் வெளியே வந்து பெட்டிக்கு முன்னால் சுற்றின. செத்தவற்றுக்காக இந்த வீட்டில் இதுவரை ஒருவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. புதுக் கிளையும் வேறு யாருக்கோ போய்விட்டது. அதற்கு மட்டும் நாத்தனார் வந்து அழுதுவிட்டுப் போனார்.

மழையாவது வெயிலாவது, இப்போது நான் பெட்டியைத் திறந்துதான் பார்க்கிறேன். வீட்டுக்காரரும் தினமும் காலையில் கேரியரின் நாலு அடுக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாக உள்ளே பார்த்துவிட்டு, திரும்பப் பூட்டிக்கொண்டுதான் ஷோரூமுக்குக் கிளம்புகிறார். பஸ் போய்விடும் என்று நான் சொல்வதில்லை.